கண்டதைச் சொல்வோம், உயிரைக் காப்போம்

விபத்துக்குள்ளானோருக்கு மருத்துவம் செய்வது எங்கள் கடமை. விபத்தைத் தடுப்பது நம் அனைவரின் கடமை. 2010இல் தில்லிப் போக்குவரத்துக் காவல்துறை தொடங்கிய முகநூல் பக்கத்திற்குப் பொதுமக்கள் விதிமீறல் படங்களை அனுப்பினர். வண்டி எண்ணைக் கொண்டு உரிமையாளர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. காவலர் நில்லாத சாலையையும் சட்டம் எட்டியது.

எதிர்த்திசையில் ஓட்டுவதும், கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதும் பிறருக்கு ஆபத்து விளைவிக்குமாயின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்கும் உரியவை.

ஜலகண்டாபுரம் வரும் வழியில் இத்தகைய வண்டியைக் கண்டால் துரத்த வேண்டா. ஓட்டிக்கொண்டே படமெடுக்கவும் வேண்டா. ஓரமாக நிறுத்தி, வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 112ஐ அழையுங்கள். வாட்ஸப்பில் பரப்புவதால் மட்டும் பயனில்லை. காவல்துறைக்குத் தெரிவித்தால், இங்குக் கொண்டுவரப்பட இருந்த ஒருவர் நலமாக வீடு சேரக்கூடும்.