காலையில் வெயில், பிற்பகலில் இடி: ஏன்?

மாணவர்களே, மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை புக்கிட் பாஞ்சாங்கில் காலை வானம் தெளிவாக இருந்தாலும், பிற்பகலில் பல நாள் இடி முழங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்காத இடைக்காலம் இது. காற்று மெலிதாக, திசை மாறி மாறி வீசும்.

மார்ச் 20 அல்லது 21இல் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. சிங்கப்பூர் அக்கோட்டுக்குச் சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. அதனால், அந்நாள்களில் நண்பகல் கதிர்கள் ஏறக்குறையச் செங்குத்தாக விழுகின்றன. கடல்நீரைவிடத் தரை விரைவில் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. அதைத் தள்ளிவிட வலுவான பருவக்காற்று இல்லை. வெவ்வேறு திசைக் கடற்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் ஈரக்காற்று உயர்ந்து, குளிர்ந்து, இடிமுகிலாகிறது. ஒரு முகிலின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆகவே புக்கிட் பாஞ்சாங் நனையும்போது சாங்கியில் வெயில் அடிக்கலாம்.

மின்னல் எவ்வளவு தொலைவில்?

ஒலி, காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மின்னலைக் கண்டு 9 விநாடி கழித்து இடி கேட்டால்:

340 × 9 = 3,060 மீட்டர்

அதாவது, சுமார் 3 கிலோமீட்டர். இது பாதுகாப்பான தூரமன்று. மழை பெய்யாத இடத்திலும் மின்னல் தாக்கும். இடைவெளி 30 விநாடிக்குள் இருந்தால் உடனே திடலைவிட்டுக் கட்டடத்திற்குள் செல்லுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே ஆட்டத்தைத் தொடருங்கள்.

சிந்தியுங்கள்: இக்கணக்கில் ஒளி வந்துசேரும் நேரத்தை ஏன் சேர்க்கவில்லை?