மூடியும் தூங்காத லேப்டாப்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. லேப்டாப்பை மூடினால் தூங்குவதில்லை, பையில் வைத்தால் கொதிக்கிறது, பவர் செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி போடப்போகிறாயாம். அதை மட்டும் செய்யாதே. கோளாறு போனாலும் போகும். ஆனால் எதனால் வந்தது என்று உனக்குக் கடைசிவரை தெரியாது.

உன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெட்டி அது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு என்றே நினைக்கிறேன். 2012-ல் நம் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். 1944-லேயே பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்த தாமிரபரணி ஆற்றங்கரை என்ற பெருமை அப்போது விசிறிக்கு உதவவில்லை. பேட்டரி எங்கே செலவாகிறது என்பதைத்தான் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முதல் கணினிப் பாடமாக வைத்திருக்க வேண்டும்.

உன் பெட்டிக்கு வருவோம். நீ மூடியை மூடுவது முதலில் கெர்னலுக்குத் தெரிகிறது. அதற்கு மேலே தூங்க வைக்கும் அதிகாரம் இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒன்று சிஸ்டம்டியின் லாகின்டி. மற்றது உன் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் பவர் மேனேஜர். ஒரே மடைக்கு இரண்டு பேர் பொறுப்பு என்றால் என்ன நடக்கும் என்று உன் தாத்தாவைக் கேள். ஒருவர் திறந்ததை மற்றவர் அடைப்பார். அல்லது அவர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேருமே வீட்டில் இருந்துவிடுவார்கள். இங்கே நடப்பது இரண்டாவது என்று தோன்றுகிறது. மூடி விவகாரத்தில் நீ தலையிடாதே என்று லாகின்டியைப் பவர் மேனேஜர் தடுத்து வைக்கிறது. தடுத்த கையோடு அது தானும் சும்மா இருந்தால் லேப்டாப் பைக்குள் விழித்தே கிடக்கும். இப்படி யார் யார் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதை சிஸ்டம்டி-இன்ஹிபிட் கட்டளை பெயரோடு பட்டியல் போட்டுக் காட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்து பார். புதிதாக ஒரு யூசர் கணக்கு திறந்து, அதில் நுழைந்து மூடு. தூங்கிவிட்டால் சிஸ்டத்தில் பழுதில்லை. உன் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் பவர் மேனேஜரின் செட்டிங்ஸ் கோப்புதான் கெட்டிருக்கிறது. முழுதாக அழித்துப் போடுவதற்குப் பதில் அந்த ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் போதும். உன் டெஸ்க்டாப்பிலிருந்து வெளியேறி, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வரும் கறுப்புத் திரையில் இருந்து மாற்று. உள்ளே இருந்துகொண்டே மாற்றினால் பலன் இருக்காது. டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸைக் கையாளும் எக்ஸ்எஃப்கான்ஃப் பழைய மதிப்புகளை நினைவில் வைத்திருந்து திரும்ப எழுதிவிடும். பலரும் சலித்துப்போவது இந்த இடத்தில்தான்.

புதுக் கணக்கிலும் அதே கதை என்றால் லாகின்டியின் கான்ஃபிக் கோப்பைத் திற. லிட் சுவிட்ச் வரியில் யாராவது 'இக்னோர்' என்று எழுதியிருக்கலாம். திருத்தியபின் லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய். பேட்டரியைச் சேமிக்க டிஎல்பி போட்டிருப்பதாகச் சொன்னாய். மூடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பவர் ப்ராஃபைல்ஸ் டீமனும் கூடவே இருந்தால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடு.

சார்ஜ் இருபது சதவீதம் இருக்கும்போதே திடீரென்று அணைகிறது என்றும் எழுதியிருந்தாய். அது வேறு விஷயம், அதற்குச் செட்டிங்ஸைத் திட்டாதே. பேட்டரி செய்யப்பட்டபோது எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று யூபவர் கட்டளை சொல்லும். பாதிக்கும் கீழே என்றால் அது தேய்ந்த பேட்டரி. புதிது வாங்கும்வரை, பவர் மேனேஜரில் பேட்டரியின் அபாய அளவை இருபத்தைந்துக்கு ஏற்றி வை. அந்த அளவில் ஹைபர்னேட் ஆக வேண்டுமென்றால் ஸ்வாப் இடம் ரேம் அளவுக்காவது இருக்கட்டும்.

எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தச் சொல்வார்கள். மேஜையில் எப்போதும் ஒயரோடு இருக்கும் கருவிக்கு அது நல்லதுதான். மழைக்காலத்தில் நமக்கு அது ஒத்துவராது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை புரண்டு எத்தனையோ தெருக்கள் இருண்டு கிடந்தன. மழை எச்சரிக்கை வந்தால் முழுசாக ஏற்றிக்கொள்.

தூங்கப்போனது எப்போது, எழுந்தது எப்போது என்று சிஸ்டம்டியின் ஜர்னலில் நேரத்தோடு பதிவாகியிருக்கும். சரியாகவில்லை என்றால் அந்த வரிகளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பு. அதுவரை பையில் போடுமுன் ஷட்டவுன் செய்.

அன்புடன்,
மாமா