கூத்தும் சாப்பாடும் யார் உபயம்?

ஸ்ரீமுஷ்ணம்

அன்புள்ள யாழினிக்கு,

உன் அம்மா நேற்று ராத்திரி போன் பண்ணினாள். நீயும் உன் சிநேகிதிகளும் பெங்களூரிலிருந்து காரில் கோவா போகிறீர்களாம். பணஜியில் ஒரு ராத்திரி கேசினோ கப்பலில் சாப்பாடு, ஆட்டம், பாட்டு என்று திட்டமாம். "அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பா, தடுத்துடுங்க" என்று ஒரே புலம்பல். நான் தடுக்கப் போவதில்லை. இந்த வயதில் ஊர் சுற்றாமல் எப்போது சுற்றுவது? ஆனால் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சும்மா "போய்ட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டால் கை அரிக்கும்.

நீ அனுப்பிய விவரத்தைப் படித்தேன். சில ஆயிரம் ரூபாய்க்கு நுழைவுச் சீட்டு. அதற்குள்ளேயே பஃபே, குடிப்பவர்களுக்கு மது, மேடையில் நடனம், மேஜிக், போதாததற்கு மேசையில் வைத்து ஆட இலவசச் சிப்புகள். "இவ்வளவுக்கும் இது மலிவுதானே மாமா?" என்று கேட்டிருக்கிறாய். மலிவுதான். ஏன் மலிவு என்று தெரிந்துகொண்டு போ.

நம்மூர் உற்சவத்தை எடுத்துக்கொள். மாசி மகத்துக்குப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். வழியெங்கும் மண்டகப்படி, கிள்ளையில் இஸ்லாமியர்கள் தரும் மரியாதை, அன்னதானம், நாதஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயதாரர் உண்டு. யார் காசில் நடக்கிறது என்பது நோட்டீஸில் அச்சாகியிருக்கும். சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் கூத்து நடக்கும்போது, கூட்டத்தின் ஓரத்தில், வெளிச்சம் முடிகிற இடத்தில், ஒருவன் படுதாவை விரித்து உட்கார்ந்திருப்பான். லங்கர் கட்டை. நீ பார்த்திருக்க மாட்டாய். போலீஸ் விசில் கேட்டால் படுதாவோடு காணாமல் போகிற வியாபாரம் அது.

படுதாவில் ஆறு படம்: கிரீடம், நங்கூரம், ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர். அதே ஆறு படமும் போட்ட மூன்று கட்டைகளை டப்பாவில் குலுக்கிக் கவிழ்ப்பான். நீ காசு வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு மடங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு, மூன்றிலும் விழுந்தால் மூன்று. பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? படம் ஆறு, கட்டை மூன்று, ஆக சரிபாதி வாய்ப்பு. இரட்டை, மூன்று விழுந்தால் அது லாபம். இப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். பேப்பர் எடுத்துப் போட்டுப் பார். மூன்று கட்டைகள் 216 விதமாக விழலாம். அதில் உன் படமே வராதவை 125. ஒன்றில் மட்டும் வருபவை 75, இரண்டில் வருபவை 15, மூன்றிலும் வருவது 1. ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் வைத்தால் ஜெயிப்பது 75, 30, 3, மொத்தம் 108. தோற்பது 125. 17 ரூபாய் அவனுக்கு. நூற்றுக்கு ஏறக்குறைய 8. கட்டையில் ஈயம் ஏற்றாத யோக்கியன் என்றால்தான் இந்தக் கணக்கு.

கேசினோக்காரன் இவனைவிட நல்லவன், நம்பு. ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம். ஆக 37 பள்ளம், ஆனால் ஒரு எண்ணில் வைத்து ஜெயித்தால் 35 மடங்குதான். நூற்றுக்கு 2.70 ரூபாய் அவர்களுக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இன்னொரு இரட்டைப் பூஜ்யமும் இருக்கும், அங்கே 5.26. உட்காருமுன் எந்தச் சக்கரம் என்று பார்த்துக்கொள்.

அப்படியானால் நூற்றுக்கு மூன்று ரூபாயை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட முடியுமா? முடியும். லங்கர் கட்டைக்காரன் திருவிழாவன்றுதான் படுதா விரிப்பான். கேசினோவில் ராத்திரி பகல் இல்லை. மணிக்கு 40 சுற்று என்று வை, சுற்றுக்கு 500 ரூபாய் வை. ஒரு மணி நேரத்தில் நீ மேசையில் தள்ளியது 20,000 ரூபாய். உன் பர்ஸில் இருந்தது 5,000தான் இருக்கலாம். அதே நோட்டுதான் போய்ப் போய் வருகிறது. சராசரியாக அந்த ஒரு மணிக்கு 540 ரூபாய் கேசினோக்காரன் கணக்கில் சேர்ந்துவிடும். சராசரி என்றுதான் சொல்கிறேன். உன் பக்கத்து நாற்காலிக்காரர் ஜெயிப்பார், கத்துவார், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாலு நாற்காலி தள்ளி இருப்பவர் கத்தாமல் தோற்பார். மேடையில் ஆடுகிற பெண்ணுக்கும் நீ தட்டில் எடுத்துவைக்கிற இறாலுக்கும் உபயதாரர் அவர்தான். அவர் பெயரை எந்த நோட்டீஸிலும் போட மாட்டார்கள்.

நம் திருவிழாவில் கூத்தின் ஓரத்தில் சூதாட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே சூதாட்டத்தின் ஓரத்தில் கூத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

இந்த வித்தையைப் பெரிதாக வளர்த்தவர்கள் லாஸ் வேகாஸ்காரர்கள். நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது 1931இல். பத்து வருஷம் கழித்து, 1941இல், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் எல் ராஞ்சோ வேகாஸ் என்ற முதல் பெரிய விடுதி வந்தது. கலிபோர்னியாவிலிருந்து காரில் வருகிறவனை மடக்கத்தான் சாலையோரம். பசித்தவன் மேசையை விட்டு எழுந்து போய்விடக் கூடாது என்று நடுநிசியிலும் மலிவு விலையில் பஃபே போட்டார்கள். பிறகு பாடகர்கள், நடனக்காரிகள், சர்க்கஸ். அந்த மேடைகளில் சம்மி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் பாடலாம், ஆனால் அதே விடுதியில் அறை கிடையாது என்ற காலமும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், கடந்த கால் நூற்றாண்டாக அந்தச் சாலையின் பெரிய விடுதிகளுக்குச் சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, நிகழ்ச்சி ஆகியவற்றில்தான் வருமானம் அதிகம். ஆகவே அங்கே இப்போது சாப்பாடு மலிவில்லை. 2023இல் திறந்த ஸ்பியர் அரங்கத்துக்குப் போகிறவர்கள் காட்சிக்கென்றே தனியாகப் பணம் கட்டுகிறார்கள். எனக்கு அது யோக்கியமான ஏற்பாடாகப் படுகிறது.

கோவா இன்னும் பழைய வேகாஸ்தான். அங்கே சூதாட்டச் சட்டம் 1976இல் போட்டது. 1992இல் அதைத் திருத்தி ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களை மட்டும் அனுமதித்தார்கள். 1996இல் தண்ணீரில் மிதக்கும் கப்பல்களுக்கு மேசை ஆட்டமும் கொடுத்தார்கள். ஆகையால்தான் மாண்டவி ஆற்றில் அரை டஜன் கப்பல்கள் விளக்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. 2017 ஜூலை மழையில் அப்படி ஆற்றுக்குள் கொண்டுவரும் வழியில் ஒரு கேசினோ கப்பல் மிராமார் கடற்கரையில் தரைதட்டி வாரக்கணக்கில் கிடந்தது. அதன் பெயர் லக்கி செவன்.

இன்னொன்றைக் கவனி. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் கோவா கேசினோவில் ஆடக் கூடாது. நம் மாவட்டத்துப் பையன்கள் எத்தனையோ பேர் வேலைக்குப் போயிருக்கிற சிங்கப்பூரில், குடிமக்கள் கேசினோவுக்குள் ஒரு நாள் நுழைய 150 வெள்ளி கட்ட வேண்டும், வெளிநாட்டவருக்கு இலவசம். நேபாளத்தில் நேபாளிக்கு அனுமதி கிடையாது. மொனாக்கோவின் புகழ்பெற்ற கேசினோவில் மொனாக்கோ குடிமக்கள் ஆட முடியாது. கடையை நடத்துகிறவனே தன் வீட்டுப் பிள்ளையை உள்ளே விடாத கடை அது. அப்படி ஒரு ஓட்டல் இருந்தால் அங்கே நீ சாப்பிடுவாயா?

சரி, போவது என்று முடிவாகிவிட்டது. அந்த இலவசச் சிப்பு ஒருமுறை ஆட மட்டும்தான். கவுண்டரில் கொடுத்துக் காசாக்க முடியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் அதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஜெயித்த தொகை மட்டும் உனக்கு. ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் சிவப்பில் வைத்தால் 1,000 ரூபாய்ச் சிப்பின் உண்மை மதிப்பு 486 ரூபாய்தான். சீட்டின் விலையில் அந்த ஆயிரத்தைக் கழித்துக் கணக்குப் போடாதே. வரியையும் பார்; 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கு ஜிஎஸ்டி 40%. சிப்பைத் தீர்த்துவிட்டுச் சாப்பிடப் போ. சாப்பிட்ட பிறகு மறுபடி மேசைப் பக்கம் வராதே. ஏடிஎம் அட்டைகளை அறையிலேயே வைத்துவிடுங்கள். 21 வயது ஆகாத சிநேகிதி யாராவது இருந்தால் படகுத்துறையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடித்தவர் யாரும் அன்றிரவு வண்டியைத் தொடக் கூடாது. இதில் மட்டும் நானும் உன் அம்மாவும் ஒரே கட்சி.

ஆனால் என்னைக் கேட்டால், கூத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணஜியில் கப்பல் ஏறவே வேண்டாம். அந்த ஊருக்கு என்று ஒரு நாடகம் இருக்கிறது, தியாத்ர். கொங்கணி மொழியில் முதல் தியாத்ர் 1892இல் பம்பாயில் அரங்கேறியது. கோவாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள் தொடங்கியது. திரை விழுந்து காட்சி மாறும்போது, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் திரைக்கு முன்னால் வந்து பாடுவார். அரசியல்வாதி, விலைவாசி, கேசினோ, யாரையும் விட மாட்டார். நம் கூத்தில் கட்டியங்காரன் ஊர்ப் பெரிய மனுஷனைச் சீண்டுவானே, அதே தைரியம். மொழி புரியாது என்று பயப்படாதே. ஜனம் எங்கே சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாலே பாதி புரிந்துவிடும். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த கலா அகாடமி மாண்டவிக் கரையிலேயே இருக்கிறது. கேசினோ படகுத்துறைகள் இருக்கும் அதே சாலையில் மேற்கே போனால் வந்துவிடும். அன்று என்ன நிகழ்ச்சி என்று விசாரித்துவிட்டுப் போ.

சாப்பாட்டுக்குப் பழைய பணஜியின் ஃபாண்டெய்னாஸ் சந்துகளில் நுழை. மதியம் மீன் குழம்பும் சோறும், கூட சோல் கடி. சிதம்பரத்துக் கொத்சுக்கு நாக்கு பழகிய உனக்கு ஷகூத்திக் குழம்பின் வறுத்த மசாலா ஒத்துப்போகும். காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு ரொட்டிக்காரர் வருவார். சூடாகப் 'பொயி' என்ற ரொட்டி வாங்கித் தின்னுங்கள். பெபிங்கா என்ற இனிப்பை அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சாப்பிடு, அம்மாவுக்கும் ஒன்று வாங்கி வா. இது எல்லாவற்றுக்கும் உபயதாரர் நீதான். சாப்பிட்டதற்குப் பில், பார்த்ததற்கு டிக்கெட், அதோடு முடிந்தது.

கப்பலா, தியாத்ரா என்று நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள். தியாத்ர் என்றால் உங்கள் எல்லார் டிக்கெட் காசும் என் பொறுப்பு, எத்தனை பேர் என்று மட்டும் சொல். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் மாமா