பெண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா?

தில்லியில் மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடும் நம்மவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "கேர்ள்ஸ் ஸ்கூலா, கோ-எட்டா, எது ஸார் நல்லது?" என்பதுதான். முப்பது வருஷம் இங்கே பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் என் பதிலை எழுதுகிறேன்.

இங்குள்ள அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒரே கட்டடத்தில் காலையில் பெண்களும் பிற்பகலில் பையன்களும் படிக்கிறார்கள். கேந்திரிய வித்யாலயாக்களும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளும் இருபாலர் பள்ளிகள். ஆகவே, பள்ளியிலேயே தமிழும் படிக்கட்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கோ-எட்டைத்தான் நாடவேண்டியிருக்கிறது.

படிப்பில் எது உயர்ந்தது? 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றி நடந்த 184 ஆய்வுகளை 2014-இல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். மேலோட்டமாகத் தனிப்பள்ளிகள் சற்று முன்னே நின்றன. பிள்ளைகளின் குடும்ப வசதி முதலியவற்றைக் கணக்கில் கொண்ட ஆய்வுகளிலோ வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது. அதாவது, பள்ளி வாசலில் உள்ள பலகை மார்க் வாங்கித் தராது.

பின் எதைப் பார்ப்பது? பதினொன்றாம் வகுப்பைப் பாருங்கள். எல்லாப் பள்ளிகளிலும் விஞ்ஞானப் பிரிவு கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் பத்தாவதில் கணக்கில் முதலாவதாக வந்தாள். அவள் படித்த பெண்கள் பள்ளியில் பௌதிகம் இல்லை. பௌதிகம் இருந்த பள்ளியோ கோ-எட். பஸ் ஏறிப் போகவேண்டும். வீட்டில் சம்மதிக்கவில்லை. ஆர்ட்ஸ் எடுத்தாள். இஞ்சினீயரிங் ஆசை அத்தோடு நின்றது.

கோ-எட் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடக் கூடாது. சோதனைச் சாலையில் பையன்கள் கருவிகளைக் கையாள, பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ஆசிரியர் முறை வைத்துக் கொடுத்தால்தான் அது மாறும். பெண்கள் பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றையும் அவர்களே செய்தாக வேண்டும்.

எனவே அட்மிஷனுக்கு முன் நாலு விஷயங்களை விசாரியுங்கள்: மேல் வகுப்பில் என்னென்ன பாடங்கள் உண்டு? சோதனைச் சாலையில் எல்லோரும் கை வைக்கிறார்களா? கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா? பஸ் வசதி எப்படி? ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று அங்கு படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். உங்கள் மகளையும் உடன் அழைத்துப் போங்கள். அவள் அபிப்பிராயத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.