மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: பள்ளி வளாகமே பாடமாகும்போது

பள்ளியில் மோட்டார் பழுதானால் என்ன நடக்கும் என்பது நம் அனைவருக்கும் தெரியும். முதல் நாள் கழிப்பறைத் தொட்டி காலியாகும். இரண்டாம் நாள் சத்துணவுக் கூடத்துக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலர் வரமாட்டார்கள். காரணம் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். கடைசியில் மெக்கானிக் வந்து, "காயில் போயிடுச்சு சார்" என்பார். அது சரிதானா என்று கேட்க நம்மிடம் ஒரு குறிப்பும் இருக்காது.

எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும், ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள், பத்தாம் வகுப்பில் பாயில் விதியும் மின்னோட்டவியலும் நடத்துகிறோம். இவை எல்லாம் சேர்ந்து வேலை செய்யும் இயந்திரம் நம் வளாகத்திலேயே இருக்கிறது. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக போர் மோட்டாரையே பாடக் கருவியாக்கி வருகிறேன். அதில் பயன்பட்டவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு கண்டிப்பு. மாணவர்கள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடக் கூடாது. ஓரடி தள்ளி நின்று மீட்டரைப் பார்த்து எழுதுவது மட்டுமே அவர்கள் வேலை. மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் பெரியவர்களின் பொறுப்பு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எனவே பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீசியன் மட்டுமே.

மோட்டாரை ஏன் கிணற்றுக்குள் இறக்குகிறோம்?

இந்தக் கேள்வியோடுதான் பாடத்தைத் தொடங்குவேன். "தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, அதனால்" என்பார்கள். "மேலே வைத்து உறிஞ்சினால் என்ன?" என்று அடுத்துக் கேட்பேன். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. 1643இல் டாரிசெல்லி கண்டபடி, வளிமண்டலம் தாங்குவது 76 செ.மீ. பாதரசத்தை. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. 76-ஐ 13.6-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1034 செ.மீ., அதாவது 10.3 மீட்டர் வரும். உறிஞ்சும் பம்பின் எல்லை இதுதான். உராய்வும் கசிவும் போக நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டர்தான் கிடைக்கும். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால், மோட்டார் கீழே இறங்கித் தண்ணீரை மேலே தள்ளுவதே வழி.

திறந்த கிணற்றின் மேல் வைக்கும் மோனோபிளாக் பம்பு அடிக்கடி "காற்று வாங்குவது" ஏன் என்பதும் இங்கே விளங்கிவிடும். அடியில் உள்ள ஃபுட் வால்வில் கல்லோ தூசியோ சிக்கினால் குழாய்த் தண்ணீர் கீழே இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காற்று உள்ளே புகும். தண்ணீர் ஊற்றி ஓட்டியபின் சரியாக ஓடி, நிறுத்திவைத்தால் மறுநாள் மீண்டும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் ஃபுட் வால்வை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் பதிவேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாரம் இருமுறை இரண்டு மாணவர்கள் நான்கு விவரங்களை எழுதுவார்கள்: வோல்ட், ஆம்ப், தொட்டி நிரம்ப ஆகும் நேரம், வாளிச் சோதனை. வாளிச் சோதனை என்பது 15 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்பது. 18 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 50 லிட்டர். அதே கணக்கில் 2000 லிட்டர் தொட்டி 40 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். கணக்கும் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே எட்டாம் வகுப்புக்கு நல்ல பயிற்சி.

வாளிச் சோதனையை மோட்டார் போட்டவுடன் ஒருமுறையும், 20 நிமிடம் கழித்து ஒருமுறையும் செய்யுங்கள். முதலில் 18 விநாடி, பிறகு 36 விநாடி என்றால், ஊற்று கொடுப்பதைவிட வேகமாக நாம் இறைக்கிறோம் என்று பொருள். கோடையில் இது இயல்பு. மோட்டாரைப் பழிக்க வேண்டாம். இடைவெளி விட்டு இரண்டு தவணையாக ஓட்டினால் போதும். தொடக்கத்திலிருந்தே 36 விநாடி என்றால் குழாயில் ஓட்டை, வால்வில் அடைப்பு, பம்பில் தேய்மானம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

அறிகுறியைப் படித்தல்

பதிவேட்டில் வழக்கமான ஆம்ப் அளவு தெரிந்துவிட்டால் பழுதைப் படிப்பது எளிது.

• வோல்ட் மீட்டர் பூச்சியம்: மின்தடை, ஃபியூஸ், எம்.சி.பி. ஆகியவற்றைப் பாருங்கள்.

• வோல்ட் இருக்கிறது, ஆம்ப் முள் உச்சிக்குப் போகிறது, சற்று நேரத்தில் ட்ரிப் ஆகிறது: கெப்பாசிட்டர் பலவீனம், அல்லது பம்பில் மணல் இறுகியிருக்கலாம்.

• மோட்டார் ஓடுகிறது, ஆம்ப் வழக்கத்தைவிடக் குறைவு, தண்ணீர் இல்லை: நீர்மட்டம் பம்புக்குக் கீழே போயிருக்கலாம். உடனே நிறுத்துங்கள். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது சுற்றியுள்ள தண்ணீர்தான். வெற்றாக ஓடினால் சூடேறிக் கெட்டுவிடும்.

• ஆம்ப் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது: வோல்ட் சரியாக இருந்தால் மணல் அல்லது பேரிங் தேய்மானம்.

• ஆம்ப் இயல்பு, தண்ணீர் மட்டும் குறைவு: குழாய்க் கசிவு. மோட்டாரை நிறுத்தியதும் போருக்குள் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள்.

சென்ற கோடையில் எங்கள் மோட்டார் ஒரு காலையில் கிளம்பாமல் ட்ரிப் ஆனது. வந்து பார்த்தவர், மேலே தூக்கி காயில் கட்ட வேண்டும் என்றார். பதிவேட்டை எடுத்து வந்த மாணவி, "சார், முந்தாநாள் வரைக்கும் ஏழரை ஆம்ப்தான். ஏறவே இல்லையே" என்றாள். மணலோ பேரிங்கோ என்றால் முன்பே ஏற்றம் தெரிந்திருக்கும். காயில் திடீரென்று போகலாம்தான். ஆனால் கெப்பாசிட்டரும் திடீரென்று போகும். அது நிலத்துக்கு மேலே, கைக்கெட்டும் தூரத்தில், சில நூறு ரூபாயில் இருக்கிறது. முதலில் அதை மாற்றிப் பார்க்கச் சொன்னோம். அன்று மதியமே தொட்டி நிரம்பியது. நிலத்துக்கு மேலே உள்ளதை எல்லாம் பார்த்த பிறகே கீழே உள்ளதைத் தூக்க வேண்டும் என்பதை மாணவர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். சோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்பதும் அறிவியல்தான்.

பிரெஷர் டேங்கும் பாயில் விதியும்

இப்போது பல வீடுகளில் பிரெஷர் பம்பு வைக்கிறார்கள். பக்கத்தில் பந்துபோல ஒரு சிறிய தொட்டி இருக்கும். அதனுள் ரப்பர் பை. பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. தண்ணீரை நாம் அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். சுருங்கிய காற்று ஸ்பிரிங் போலத் தண்ணீரைத் தள்ளுவதால், ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் மோட்டார் ஓட வேண்டியதில்லை.

கை கழுவினாலே மோட்டார் ஓடி ஓடி நிற்கிறது என்றால், பெரும்பாலும் காற்று குறைந்திருக்கும். பத்தாம் வகுப்பில் இதைக் கணக்காகவே போடலாம். தொட்டி 24 லிட்டர். மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தம் 1.4 கிலோ, நிற்கும் அழுத்தம் 2.8 கிலோ (சதுர செ.மீ.க்கு). காலித் தொட்டியில் காற்று 1.3 கிலோ. மீட்டர் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் என்பதால் எல்லாவற்றோடும் 1 சேர்க்க வேண்டும். மோட்டார் நிற்கும்போது காற்றின் பருமன் 24 × 2.3 ÷ 3.8 = 14.5 லிட்டர், மீண்டும் ஓடும்போது 24 × 2.3 ÷ 2.4 = 23 லிட்டர். வித்தியாசம் 8.5 லிட்டர், மோட்டார் ஓடாமலே அவ்வளவு தண்ணீர் கிடைக்கும். காற்று 0.5 கிலோவாகக் குறைந்தால் இதே கணக்கில் ஏறத்தாழ 5.5 லிட்டர்தான். பை கிழிந்து காற்று முழுதும் போய்விட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சரிசெய்வது எளிது. மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து தொட்டித் தண்ணீரை முழுதும் வடித்துவிட வேண்டும். பிறகு டயர் வால்வு போன்ற மூக்கில் ஏர் கேஜ் வைத்துப் பார்த்து, மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காற்றடிக்க வேண்டும். அந்த மூக்கிலிருந்து தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது. காற்றடித்துப் பயனில்லை, பையை மாற்ற வேண்டும். வகுப்பில் செய்துகாட்ட, ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சு போதும். முனையை விரலால் அடைத்து அமுக்கிவிட்டால் அந்த ஸ்பிரிங் கையில் தெரியும்.

செய்ய வேண்டிய பராமரிப்பு

தொட்டியைக் குறித்த கால இடைவெளியில் கழுவித் தேதியைத் தொட்டியிலேயே எழுதுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடியும் எர்த் இணைப்பும் உள்ளனவா என்று ஆண்டுக்கொருமுறை எலக்ட்ரீசியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். கெப்பாசிட்டரை மாற்றினால் அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்றச் சொல்லுங்கள். பழுதுக்காக மோட்டாரை மேலே தூக்கினால், அது எவ்வளவு குறுகிய நேரமானாலும், போர் வாயை உறுதியான மூடியால் மூடாமல் யாரும் அங்கிருந்து நகரக் கூடாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் தொட்டியின் நீர்மட்டம் உள்ளது. தரைமட்டக் குழாயில் அழுத்தம் எவ்வளவு? 12 மீட்டரானால்?

2. கிணற்றில் நீர்மட்டம் 9 மீட்டர் ஆழத்தில் உள்ளது. கிணற்று மேட்டில் வைத்த பம்பு ஏன் சிரமப்படுகிறது?

3. ஆம்ப் குறைந்து, தண்ணீரும் வரவில்லை. முதலில் என்ன செய்வாய்? ஏன்?

மூன்றாம் வினாவுக்கு "மோட்டாரை நிறுத்தச் சொல்வேன்" என்று தொடங்கும் விடைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். காரணத்தை அதன் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பதிவேட்டை இந்த வாரமே தொடங்கிவிட்டால், கோடை வருவதற்குள் உங்கள் மோட்டாரின் இயல்பு உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும்.