துகள் கொள்கையும் மாணவர் மனமும்

பருப்பொருள்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களால் ஆனவை என்பது அறிவியற் கல்வியின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும். இதனை மனப்பாடம் செய்து ஒப்புவித்தல் எளிது. பொருளுணர்ந்து ஏற்றல் அரிது.

நீரில் கரைந்த சர்க்கரை என்ன ஆகிறது? ழான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் ஆகிய உளவியல் அறிஞர்கள் 1941-இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை ஆராய்ந்தனர். சர்க்கரை அடியோடு மறைந்துவிட்டது என இளஞ்சிறார் கருதினர். வயது ஏற ஏற, பொருள் அழியவில்லை என்பதும், அதன்பின் எடை குறையவில்லை என்பதும் குழந்தைகளுக்குத் தெளிவாயின. காணமுடியாத சிறு துகள்களாகச் சர்க்கரை நீரில் இருக்கிறது என்னும் எண்ணமே இத்தெளிவுக்குத் துணையாயிற்று.

இதற்குப் பின்னரும் இரு தடைகள் உள்ளன. துகள்களுக்கிடையே ஒன்றுமே இல்லை என்பதை மாணவர் ஏற்கத் தயங்குகின்றனர். அங்கே காற்றோ தூசியோ இருக்கும் என்கின்றனர். இஸ்ரேலில் நோவிக், நுஸ்பாம் ஆகியோர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் புலப்படுத்தியது. பொருளின் பண்புகளைத் துகளின்மீது ஏற்றிக் கூறுவது மற்றொரு தடை. பனிக்கட்டி உருகினால் மூலக்கூறும் உருகும், செம்பு சூடேறி விரிந்தால் அணுவும் பெருக்கும் என அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் மாறுவன துகள்களின் இயக்கமும் அவற்றின் இடைவெளியும் அமைப்புமே.

ஆகவே வரையறைக்கு முன் சோதனை வரவேண்டும். குவளை நீரையும் சர்க்கரையையும் ஒருங்கே நிறுத்து, கரைத்தபின் மீண்டும் நிறுக்கலாம். ஊசியில்லாப் பீச்சுக்குழலில் முதலில் காற்றையும் பின்னர் நீரையும் அடைத்து, முனையை விரலால் மூடி அழுத்தலாம். காற்று வெகுவாகச் சுருங்கும். நீர் சுருங்குவதாகத் தெரியாது. இவ்வேறுபாடு ஏன் என்று மாணவர் படம் வரைந்து விளக்குவாராயின், அவர்தம் எண்ணம் ஆசிரியருக்குத் தெளிவாகும்.

தேர்வு முறையும் இதற்கேற்ப அமைதல் வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடைபெற்ற அறிவியல் கல்வித் திட்டத்தில், மாணவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வெழுதினர். செய்முறைத் தேர்வும் இருந்தது. “மூலக்கூறு என்றால் என்ன?” என்னும் வினா நினைவாற்றலை அளக்கும். “100 கிராம் நீரில் 10 கிராம் சர்க்கரை கரைந்தால் கரைசலின் எடை என்ன? ஏன்?” என்னும் வினாவோ புரிதலை அளக்கும். தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதுவே வகுப்பறையில் கற்பிக்கப்படும் என்பதைப் பாடத்திட்டம் வகுப்போர் மனங்கொள்ள வேண்டும்.