பறவை குடிபுகும் கூடு

கூண்டு, கூடு ஆகிய இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை; பொருளால் வேறுபட்டவை. கூண்டு, பறவையை அடைத்து வைப்பது. கூடு, பறவை தானே விரும்பித் தங்குவது. கைவினைப் பொருள் கடைகளில் வண்ணம் பூசப்படாத சிறிய மரக்கூடுகள் கிடைக்கின்றன. நான்கு சுவர்கள், சரிந்த கூரை, முன்புறம் வட்ட வாயில் என அவற்றின் அமைப்பு மிக எளிமையானது. அவற்றை அழகுபடுத்துவது மனத்திற்கு இன்பம் தரும் கைவேலை. ஆயினும், தூரிகையை எடுக்கும் முன்னரே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். இக்கூடு வரவேற்பறையில் நம் கண்களுக்கு விருந்தாகப் போகிறதா, அல்லது வெளியே ஒரு பறவைக் குடும்பத்திற்கு வீடாகப் போகிறதா? இதற்கான விடையைப் பொறுத்தே வண்ணமும் தாளும் அணிகளும் அமைய வேண்டும்.

வீட்டினுள் வைக்கும் கூடு

வீட்டினுள் வைக்கும் கூட்டை நம் விருப்பம்போல் அழகுபடுத்தலாம். முதலில் மணல்தாளால் மரத்தைத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிறகு, வெள்ளை நிறத்தை அடிப்பூச்சாகப் பூச வேண்டும். அடிப்பூச்சு இல்லாவிட்டால், மரம் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிறம் மங்கித் திட்டுத் திட்டாகத் தெரியும். அடிப்பூச்சு உலர்ந்ததும் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சாக இருமுறை பூசலாம். தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகளே சீராக அமையும்.

அடுத்து, தாள் ஒட்டும் வேலை. பூ வேலைப்பாடுள்ள மெல்லிய கைத்துடைப்புத் தாள் இதற்கு ஏற்றது. அத்தாள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அடுக்குகளைக் கொண்டிருக்கும். படம் அச்சிடப்பட்ட மேலடுக்கை மட்டும் மெதுவாகப் பிரித்தெடுக்க வேண்டும். வெள்ளைப் பசையில் சிறிது நீர் கலந்து சுவரில் தடவி, தாளை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல அழுத்த வேண்டும். அப்போதுதான் காற்றுக் குமிழிகளும் சுருக்கங்களும் ஏற்படா. அது காய்ந்த பின்னர் மேலே வார்னிஷ் பூசினால் தாள் உரியாது. பாத்தேக் அல்லது கோலக் கோடுகள் கொண்ட தாளை ஒட்டினால் நம் மண்ணின் மணம் கமழும்.

இறுதியாக, அணிகளைச் சேர்க்கலாம். பனிக்கூழ்க் குச்சிகளை வரிசையாக ஒட்டினால் கூரை ஓடு தயார். பொத்தான், மணி, கிளிஞ்சல், காய்ந்த விதை ஆகியவையும் பயன்படும்.

வெளியே பொருத்தும் கூடு

சிட்டுக்குருவி, மைனா, மலாய் மொழியில் ‘முராய் கம்போங்’ எனப்படும் குண்டுக்கரிச்சான் ஆகியவை மரப்பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் முட்டையிடுபவை. மரங்கொத்தியைப்போல் மரத்தைக் குடைந்து பொந்து அமைக்க அவற்றால் இயலாது. முதிர்ந்த மரங்கள் வெட்டப்படும்போது, அவற்றோடு பொந்துகளும் மறைகின்றன. அந்தக் குறையை ஓரளவு நீக்கவே மரக்கூடு உதவுகிறது.

ஆகவே, இங்கு அலங்காரத்திற்கு எல்லை உண்டு. கூட்டின் உட்புறத்தில் எதையும் பூசக்கூடாது. உலராத வண்ணத்தின் நெடி குஞ்சுகளுக்குக் கேடு தரும். மேலும், சொரசொரப்பான மரத்தைப் பற்றியே குஞ்சுகள் வாயில்வரை ஏறி வருகின்றன. வழவழப்பான சுவரில் அவற்றின் நகம் பிடிக்காது. வெளிப்புறத்திற்கு நீரில் கரையும் வண்ணமே ஏற்றது. அதிலும், வெளிர் நிறமே சிறந்தது. கரிய நிறம் வெயிலை ஈர்க்கும். நண்பகலில் உள்ளே அனல் ஏறினால், பறக்கத் தெரியாத குஞ்சு எங்கே போகும்?

மணி, நூல், மினுமினுப்புத் தூள் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். பறவை அவற்றைக் கொத்தி விழுங்கலாம். நூல் காலில் சிக்கலாம். தாளோ நம் நாட்டு மழைக்கு நெடுநாள் தாங்காது. வாயிலுக்குக் கீழே அழகுக்காகக் குச்சி பொருத்துவதும் தவறு. பொந்தில் வாழும் பறவைகளுக்கு அது தேவையில்லை. முட்டையைத் திருட வரும் காகத்திற்கே அது வசதியாகும். மாறாக, அடிப்பலகையில் நீர் வடியத் துளைகளும் கூரையை ஒட்டிக் காற்றோட்டத் துளைகளும் இடுவது நன்று.

அழகும் அக்கறையும்

அப்படியானால், பறவை வீட்டில் அழகுக்கே இடமில்லையா? துருக்கியின் இஸ்தான்புல் நகரம் இதற்கு விடை தருகிறது. அங்கே 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அயாஸ்மா பள்ளிவாசலின் சுவரில், பறவைகளுக்கென்றே கல்லில் செதுக்கிய சிறு மாளிகைகள் உள்ளன. தூண்களும் மாடங்களும் கொண்ட அவை, மனிதரின் கைக்கு எட்டாத உயரத்தில் அமைந்துள்ளன. வேலைப்பாடெல்லாம் வெளியே, பாதுகாப்பு உள்ளே.

நம் நாட்டின் செம்பனைத் தோட்டங்களிலோ வேறொரு காட்சியைக் காணலாம். கம்பத்தின் உச்சியில் ஒரு பெட்டி; அதில் அலங்காரம் ஏதுமில்லை. செம்பனைப் பழங்களைத் தின்னும் எலிகளைக் கட்டுப்படுத்த, கூகை எனும் ஆந்தைக்காக வைக்கப்பட்ட பெட்டி அது. கூகை தானாகக் கூடு கட்டாது. இருண்ட, உலர்ந்த, உயரமான இடம் கிடைத்தால் போதும், அது குடிபுகும். அதனால் எலி மருந்தின் தேவையும் குறைகிறது.

இவ்விரண்டும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. வண்ணம் நம் மகிழ்ச்சிக்காக. நிழல், காற்று, உலர்ந்த தரை ஆகியவை பறவைக்காக. பிறருக்குக் கொடுக்கும் பொருளை அவருடைய தேவையறிந்து கொடுப்பதே அன்பு. எனவே, மாணவர்களே, அடுத்த முறை ஒரு மரக்கூட்டை வாங்கினால் அதன் வாயில் வழியே ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள். அங்கே வாழப்போவது யார் என்று எண்ணிய பிறகு வண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள்.